ஓடுகிற வண்டி

பெல் சிகரக் காட்டுத்தீக் காவல் கோபுரம்
ஜூன் 18

ஆரின்,

அன்று நான் சொல்லாதவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

"முடியாது" என்று நான் சொல்லவில்லை. "சரி" என்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நீ வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு, "இந்தக் குளிர்காலம் எங்கேயும் போகாம என் வீட்டுலயே இருந்துடேன் ஹேசல்"னு கேட்டபோது, அந்தக் கேள்வியை உன் வாயிலிருந்து கேட்க ஒரு வருடமாகக் காத்திருந்தேன் என்பதையும் சொல்லவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "எஞ்சின் விளக்கு எரிஞ்சா பயப்படாதே. டேங்க் மூடியை நல்லா இறுக்கு."

நீ தலையாட்டினாய். சாவியை வாங்கிக்கொண்டாய். நான் மலையேறிவிட்டேன்.

ஆறு வருடங்களாக அக்டோபர் பிறந்தால் அந்த வண்டியில் ஏறித் தெற்கே அரிசோனாவுக்குப் போய்விடுகிறேன். ஒரு பாலைவன ஊர்ப் பள்ளி நூலகத்தில் குளிர்காலம் முழுக்க வேலை, ஜூனில் திரும்பவும் இந்தக் கோபுரம். அதற்கு முன்பு விட்டுவந்த ஊர்கள், ஒரு கல்யாணம், எல்லாவற்றையும் அதே வண்டியில் ஏறித்தான் விட்டுவந்தேன். என் பொருள்களில் நான் மிகவும் நம்புவது அதுதான். அதை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதையும் நீ ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். முழுப் பதில் அல்ல.

இனி வண்டி. மலைப்பாதை தொடங்குகிற முனையில் விட்டால் கோடையில் மலை அணில்கள் வயரைக் கடித்துவிடும், அதனால்தான் உன் கொட்டகையில் நிறுத்தச் சொன்னேன். வாரம் ஒரு முறையாவது ஓட்டு. பிரேக்குக்கான ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் இடது பின்சக்கரத்துக்குள் சேறு அடைத்திருக்கும். ஹோஸ் பைப்பால் அடி. அது எப்போதும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி, உன் பிக்கப் மாதிரி பின்சக்கரத்தால் மட்டும் தள்ளிக்கொண்டு போகிற வண்டி இல்லை. சின்ன கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சேற்றில் மாட்டிக்கொண்டால் மட்டும் அழுத்து. அதன் விளக்கு விடாமல் சிமிட்டினால், கொஞ்ச தூரம் பின்னால் எடு. அணைந்துவிடும். ஏன் என்று கேட்காதே, அதற்குப் பின்னால் போவது பிடிக்கும்.

ஹேசல்


ஹாரிஸ் கிரீக்
ஜூலை 1

ஹேசல்,

எஞ்சின் விளக்கு எரிந்தது. மூடியை இறுக்கினேன். மூன்று நாள் முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு அணைந்தது. உன்னைப் போலத்தான், சமாதானம் ஆனாலும் உடனே காட்டிக்கொள்ளாது.

ஏபிஎஸ் விளக்கும் எரிந்தது. பைப்பால் அடித்தேன், சரியாகிவிட்டது. பிறகு அந்தப் பொத்தான் விளக்கு சிமிட்டியது. என்ன செய்யச் சொன்னாய் என்று மறந்துபோய், வனத்துறை ஆள்களிடம் சொல்லி ரேடியோவில் உன்னைக் கேட்கவைத்தேன் அல்லவா? அது தப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் சமையலறைக்குச் சமையலறை ரேடியோவைத் திறந்துவைத்துக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தும் செய்தேன். மறுநாள் கடையில் மாட்டுத்தீவனம் வாங்கப் போனால் கெஸ்லர் வீட்டம்மா கேட்கிறார்: "ஏம்ப்பா ஆரின், ஹேசல் விளக்கு அணைஞ்சுதா, இன்னும் சிமிட்டுதா?" பின்னால் நின்ற ஆள்: "அவன் மூஞ்சியப் பாத்தா இன்னும் சிமிட்டுற மாதிரிதான் இருக்கு." இனி கடிதம்தான்.

நீ எழுதியதைப் படித்தேன். நான் அவசரப்படுத்த மாட்டேன். கேட்டுவிட்டேன், கேள்வி அங்கேயே இருக்கட்டும், மழையில் நனைந்தால் கெட்டுப்போகிற பொருளா அது?

முதல் தீவனப்புல் அறுப்பு முடிந்தது. நாய் உன் வண்டியின் முன்சீட்டைத் தன் சீட்டு என்று முடிவு செய்துவிட்டது. ஒரு குறை சொல்லலாமா? உன் பின் டயர் இரண்டும் என் மாமா தலை மாதிரி வழுக்கை. முன்னால் இருப்பவை கொஞ்சம் பரவாயில்லை, அவருக்குக் காதோரம் மிச்சமிருப்பது போல.

ஆரின்


பெல் சிகரம்
ஜூலை 2

ஆரின்,

டெல்மர் கோவேறு கழுதைகளோடு இன்று காலை வந்தார். மாவு, காபி, பாட்டரி, உன் கடிதம். கழுதைகள் இளைப்பாறும்வரை நான் பதில் எழுத அவகாசம். வாசல் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கடுதாசி கனமா இருந்துச்சே. அடுத்த தடவை அதுக்குன்னு ஒரு தனிக் கழுதை கொண்டாரவா?"

"வண்டி விஷயம் டெல்மர்."

"நாப்பது வருஷமா தபால் சுமக்கிறேன். வண்டி விஷயத்தைப் படிச்சிட்டு யாரும் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

முந்தாநாள் மின்னல். கோபுரத்தில் இடி இறங்கும்போது மின்சாரம் உடம்பில் பாயாமலிருக்கக் கண்ணாடிக் கால் வைத்த முக்காலியின் மேல் ஏறி நிற்க வேண்டும் என்பது இங்கே விதி. அதன்மேல் நின்றபடி பள்ளத்தாக்கைப் பார்த்தேன். அறுத்து முடித்த உன் புல்வயல் மட்டும் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. வடக்குச் சரிவில் ஒரு புகை எழுந்தது, திசையைக் கணித்து ரேடியோவில் சொன்னேன், ஆள்கள் போய் அணைத்தார்கள். வேலை நடக்கிறது. கொண்டுவந்த புத்தகங்களில் பாதியைப் படித்தாகிவிட்டது. மீதியை மெல்லப் படிக்கிறேன்.

டயரைப் பற்றிக் கவலைப்படாதே. அரிசோனா வரை தாங்கும்.

இந்த வரியை எழுதியதும் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் நீ இன்னும் உற்றுப் பார்ப்பாய். அதனால் இருக்கட்டும். அது முடிவு அல்ல, ஆறு வருடப் பழக்கம்.

ஹேசல்


ஹாரிஸ் கிரீக்
ஜூலை 29

ஹேசல்,

சென்ற முறை டெல்மரிடம் கடிதம் கொடுக்கவில்லை. வேலை இருந்தது.

வேலை இருந்ததும் உண்மைதான். அந்த வரி இருந்ததும் உண்மைதான். நடுவில் கொஞ்சம் யோசித்தேன், சில காரியங்கள் செய்தேன், இப்போது சரியாகிவிட்டேன்.

வண்டிதான் சரியில்லை. ஏபிஎஸ் விளக்கு அணைவதே இல்லை. சக்கரத்தைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி நாய்க்கே பொறாமை வந்துவிட்டது. அதைவிட மோசம்: தபால் அலுவலகத்துக்கு முன்னால் வண்டியைத் திருப்பினால் முயல் மாதிரித் தத்துகிறது. ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல. நேற்று நகரத்திலிருந்து திரும்பியதும் அடியில் குனிந்து பார்த்தேன். சூடான எண்ணெய் வாசனை. ஏதோ தேய்கிற ஓசையும் கேட்கிறது.

நான் ஏதாவது உடைத்துவிட்டேனா? அதை மட்டும் சொல். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஆரின்


பெல் சிகரம்
ஜூலை 30

ஆரின்,

நான்கு வாரம் கடிதம் இல்லை. டெல்மர் வெறுங்கையோடு வந்த அன்று, மாவு மூட்டைகளுக்கு அடியில் இருக்கும் என்று அவரையே இரண்டு முறை தேட வைத்தேன். "இல்லம்மா. கழுதை தின்னுருச்சுன்னு வேணா வெச்சுக்கயேன்" என்றார். சிரிக்க முடியவில்லை.

வண்டிக்கு வருகிறேன், அது எளிது.

வண்டி திரும்பும்போது முன்சக்கரம் ஒரு தூரமும் பின்சக்கரம் வேறு தூரமும் போகும். அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்வதுதான் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற நடுப்பெட்டியின் வேலை. அது விழுங்க மறுக்கிறது, அதனால்தான் தத்துகிறது. காரணம் நீ காய்ந்த சாலையில் அந்தப் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டு ஓட்டுவதாக இருக்கலாம். சுற்றுலாவுக்கு வருகிற நகரத்து ஆள்கள் செய்வது அது. நீயும் செய்திருந்தால் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

செய்யவில்லை என்றால் இவற்றுக்குப் பதில் எழுது. பொத்தான் விளக்கு அணைந்திருக்கிறதா? அறுத்த வயலில் திருப்பினாலும் தத்துகிறதா, தார்ச்சாலையில் மட்டுமா? காலையில் எடுத்ததுமே இப்படியா, நெடுந்தூரம் ஓடிய பிறகா? கடைசியாக, தையல் டேப்பை நான்கு டயரையும் சுற்றிப் பிடித்து, நான்கும் ஒரே அளவா என்று பார்.

நீ எதையும் உடைத்திருக்க மாட்டாய். உடைத்திருந்தாலும் பரவாயில்லை.

ஹேசல்


ஹாரிஸ் கிரீக்
ஆகஸ்ட் 12

ஹேசல்,

நகரத்து ஆளா! நான் பிறந்ததிலிருந்து பனியில் வண்டி ஓட்டுகிறேன். வருடத்தில் ஆறு மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். கெஸ்லர் வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த மலைப்பாதையைக் கடக்கிற ஆளைப் பார்த்து நகரத்து ஆள் என்கிறாய்.

பொத்தானைத் தொடவில்லை. விளக்கு அணைந்துதான் இருக்கிறது. வயலில் தத்தவில்லை, தாரில் மட்டும். காலையில் நல்ல பிள்ளை; நகரம் போய் வந்தால்தான் பேய் பிடிக்கிறது.

நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். அந்த ஆள் அடியில் புகுந்து பார்த்துவிட்டு எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நடுப்பெட்டி போச்சுங்க. இந்த வயசு வண்டிக்குப் புதுப்பெட்டி போடறதுல அர்த்தமே இல்ல. உதிரிக்கு வித்துடுங்க" என்றார். "என் வண்டி இல்லீங்க" என்றேன். "அப்ப உடையவங்ககிட்ட ஆறுதலாச் சொல்லுங்க" என்றார்.

இதைச் சொல்லாமல் கடிதத்தை மூட முடியவில்லை. பட்டறையிலிருந்து ஆற்றுப் பாலம் வரும்வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி இல்லை என்றால் நீ எப்படித் தெற்கே போவாய்? பாலத்தில் ஏறியபோது உன் முகம் நினைவுக்கு வந்தது, ஜூனில் சாவியை என் கையில் வைத்தபோது இருந்த முகம். அதோடு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

என்ன செய்யட்டும், நீயே சொல். விற்கச் சொன்னால் விற்கிறேன். பெட்டி தேடச் சொன்னால் தேடுகிறேன்.

காட்டில் ஹக்கிள்பெர்ரிப் பழம் பழுத்துவிட்டது. டெல்மரிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். பாதி வந்து சேர்ந்தாலே அதிசயம்.

ஆரின்


பெல் சிகரம்
ஆகஸ்ட் 13

ஆரின்,

டப்பாவில் கால்வாசி இருந்தது. டெல்மர் உதடு ஊதா நிறம். "வழியில கரடி" என்றார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளிச்சுற்று நடைபாதையில் போய் நின்றேன். நீ பாலம் வரை சந்தோஷமாக இருந்தாயா? எனக்கும் அதே நடந்தது. வண்டி போய்விட்டது என்று படித்ததும் முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி நான் தீர்மானிக்க வேண்டியதில்லை, வண்டி தீர்மானித்துவிட்டது. குளிர்காலத்தில் உன் அடுப்பங்கரையில் காலை நீட்டிக்கொண்டு படிக்கிற மாதிரிகூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

பிறகு என் மேலேயே கோபம் வந்தது. "வண்டி கெட்டுப்போச்சு, அதனால தங்கிட்டா" என்று இந்தப் பள்ளத்தாக்கு சொல்வதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு பிப்ரவரிக் காலையில், ஏதோ அற்பச் சண்டைக்குப் பிறகு, நானே அப்படிச் சொல்லிக்கொள்வேன். நீயும் அதை நினைப்பாய், கேட்க மாட்டாய். ஓடுகிற வண்டி வாசலில் நிற்கும்போதுதான் என்னால் உனக்குப் பதில் சொல்ல முடியும். அதனால் வண்டி ஓட வேண்டும். விற்காதே.

அது போகவும் இல்லை என்றே நினைக்கிறேன். உண்மையிலேயே பெட்டி உடைந்திருந்தால் காலையிலும் தத்தும். இது நெடுந்தூரம் ஓடிச் சூடான பிறகே இறுகுகிறது. நேர்ச்சாலையில் போகும்போதுகூட முன்சக்கரமும் பின்சக்கரமும் விடாமல் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே போகின்றன என்று அர்த்தம். டயர்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் அப்படி ஆகும்.

கடைசிக் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மூன்றுக்கும் அழகாக எழுதிவிட்டு, டேப் பற்றி ஒரு வரி இல்லை. உன்னை எனக்குத் தெரியும். சின்ன விஷயத்தைக்கூட மறக்கிற ஆள் இல்லை நீ.

ஆரின், என் டயர்களை என்ன செய்தாய்?

ஹேசல்


ஹாரிஸ் கிரீக்
ஆகஸ்ட் 26

ஹேசல்,

மாற்றினேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்த வாரம். "அரிசோனா வரை தாங்கும்" என்று எழுதியிருந்தாய். தாங்காது. அக்டோபரில் கணவாயில் பனி விழுந்திருக்கும். அந்த வழுக்கை டயரில் நீ தனியாக இறங்குவதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ போவதாக இருந்தால் வழுக்காமல் போ என்று தோன்றியது. பின்னால் இரண்டு புதிது போட்டேன். கீழே இறங்கி வந்ததும் நீயாகவே பார்க்கட்டும் என்று எழுதவில்லை.

ஏன் இரண்டு என்று கேட்பாய். இங்கே யார்தான் ஒரே தடவையில் நான்கு வாங்குகிறார்கள்? குளிர் வருவதற்கு முன் பின்னால் இரண்டு, அடுத்த வருடம் முன்னால் இரண்டு. என் அப்பா அப்படித்தான், நான் அப்படித்தான், பள்ளத்தாக்கில் இருக்கிற பிக்கப் எல்லாமே அப்படித்தான். உன் வண்டி நான்காலும் இழுக்கிறது என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். படித்தேன். மண்டையில் ஏறவில்லை.

நீ டேப் என்று எழுதியதும் சுற்றிப் பார்த்தேன். பின்னால் இருப்பவை நன்றாகவே பெரிசு. அப்போதே புரிந்துவிட்டது, எழுதக் கை வரவில்லை. அதற்குள் பட்டறைக்காரர் வேறு பெட்டி போச்சு என்றார். நான் செய்த நல்ல காரியத்தால் உன் வண்டி செத்துவிட்டது என்று எப்படி எழுதுவது?

பழைய டயர் இரண்டும் வைக்கோல் போரின் மேல் இருந்தன, தார்ப்பாய் பறக்காமலிருக்கப் பாரம் வைத்திருந்தேன். ஏறி எடுத்து வந்து திரும்ப மாட்டினேன். முதல் நாள் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நகரம் போய் வந்தேன். மறுநாள் திரும்பவும் போய் வந்தேன். தபால் அலுவலகத்துக்கு முன்னால் வட்டம் வட்டமாகத் திருப்பினேன். கெஸ்லர் வீட்டம்மா வெளியே வந்து, "என்னப்பா, எதாவது தொலைச்சிட்டியா?" என்றார்.

"இல்லம்மா, கெடைச்சிருச்சு" என்றேன்.

தத்தவில்லை. ஏபிஎஸ் விளக்கு அணைந்தது. வாசனை இல்லை. பெட்டி பிழைத்துவிட்டது, ஹேசல். அதன் பிறகு புதியவற்றுக்கு ஜோடியாக இன்னும் இரண்டு வாங்கி நான்கையும் ஒன்றாக மாட்டிவிட்டேன். எண்ணெயும் மாற்றினேன். இதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று எழுதாதே. டயர் டயர்தான்.

நீ கேட்டபடி ஓடுகிற வண்டி இருக்கிறது. நீ இறங்கும் நாளன்று பாதை முனையில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். டேங்க் நிறைத்து, பனியில் டயருக்கு மாட்டுகிற சங்கிலியைப் பின்னால் போட்டு, டெல்மரிடம் சாவி கொடுத்துவிடுகிறேன். நான் அங்கே நிற்க மாட்டேன். என் மூஞ்சியைப் பார்த்து நீ முடிவு செய்யக்கூடாது. அது ரொம்பப் பாவமான மூஞ்சி, கடையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆரின்


பெல் சிகரம்
ஆகஸ்ட் 27

ஆரின்,

டெல்மர் அவசரப்படுத்துகிறார், மேற்கே மேகம் கட்டியிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நடுப்பெட்டிக்காக. இரண்டாவது முறை, "நீ போவதாக இருந்தால் வழுக்காமல் போ" என்ற வரிக்காக. நான் ஒவ்வோர் ஊரையும் விட்டுப் போனபோது சிலர் அழுதார்கள், ஒருவர் கத்தினார், ஒருவர் சாவியை ஒளித்துவைத்தார். டயர் மாற்றிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

தத்துவம் எழுதவில்லை. நீ சொன்னபடியே செய்: வண்டியை நிறுத்திவிட்டுப் போ. அங்கே நிற்காதே. வருத்தப்படாதே, இது கோபம் இல்லை. அந்தச் சாலையில் நான் தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நாயை வேண்டுமானால் முன்சீட்டில் விட்டுவை.

"என்னம்மா, முடிச்சிட்டியா?" என்கிறார் டெல்மர். "இல்லை" என்றேன். "சரி, மிச்சத்தை வாயால சொல்லிக்கோ" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஹேசல்


செப்டம்பர் மூன்றாம் வாரம் பெல் சிகரத்தில் பனி விழுந்தது. கோபுரத்தின் ஜன்னல் பலகைகளைச் சாத்தி ஆணியடித்துவிட்டு இறங்கினேன். வண்டி பாதை முனையில் இருந்தது, ஆரின் இல்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. நெடுஞ்சாலையில் தெற்கே கணவாயின் உச்சிவரை ஓட்டிப் போனேன், காய்ந்த சாலையில் இரண்டு முறை முழு வட்டம் அடித்துப் பார்த்தேன், திரும்பினேன். அந்தி சாய்வதற்குள் ஹாரிஸ் கிரீக் வந்துவிட்டேன். அந்தக் குளிர்காலம் அங்கேதான் இருந்தேன். அடுத்த குளிர்காலமும்.